பீரோ மேல் பல்லி

படிவத்தில் ஒரே ஒரு கட்டம்தான் பாக்கி: கோவையில் தங்கும் முகவரி. திங்கட்கிழமை அதைக் கல்லூரி ஆபீசில் கொடுத்தாக வேண்டும். பொற்கொடிக்குக் கிடைத்தது லேப் டெக்னீசியன் படிப்பு. காலை ஆறு மணிக்கே ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கும் இடத்தில் நிற்க வேண்டும். சோமனூரிலிருந்து எந்தப் பஸ்ஸைப் பிடித்தாலும் அந்த நேரத்துக்குச் சிங்காநல்லூர் வந்து சேர முடியாது.

"இன்னைக்கு எடம் அமையலைன்னா கருமத்தம்பட்டிப் பக்கமே பி.காம் சேந்துக்க அம்மணி. எனக்கு இன்னொரு நாள் லீவு குடுக்க மாட்டாங்க" என்று அம்மா மாசாணியம்மாள் பஸ் ஏறும்போதே சொல்லிவிட்டாள். தறிக்குடோனில் ஆறு தறி அவள் பொறுப்பு. சொன்னால் சொன்னதுதான்.

முதல் வீட்டில் காற்றோட்டமான அறை, வேப்பமரம், எதிரிலேயே பஸ் ஸ்டாப். வீட்டுக்கார அம்மா காபி கொடுத்துவிட்டு, "சோமனூர்ல எந்த வீதியிங்க?" என்று கேட்டார். மாசாணியம்மாள் சொன்னாள். வீதியின் பெயரே போதுமானதாக இருந்தது.

"அடடா, நேத்துத்தான் ஒருத்தங்க அட்வான்ஸ் குடுத்துட்டுப் போனாங்க. மறந்தே போட்டேன் பாருங்க."

மாசாணியம்மாளின் உதடு மட்டும் அசைந்தது: 'எந்திரி, போலாம்.' வெளியே வரும்போது கேட்டில் 'அறை வாடகைக்கு' அட்டை காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

சத்தம் வராத அந்தப் பேச்சு தறிக்குடோனில் பழகியது. நாற்பது தறி ஓடும் இடத்தில் தொண்டையைத் திறந்து பயனில்லை. உதட்டைப் பார்க்க வேண்டும், விரலைப் பார்க்க வேண்டும். மூக்கைத் தொட்டால் முதலாளி வருகிறார். சாப்பாட்டுத் தூக்கைக் கொண்டுபோய்க் கொடுத்த நாட்களிலேயே பொற்கொடி அதைப் பிடித்துக்கொண்டாள். ஊர்க் கல்யாணங்களில் அம்மாவும் மகளும் பந்தியின் இரண்டு கோடியில் உட்கார்ந்து, நடுவில் இருப்பவர்களின் நகையைப் பற்றி நிம்மதியாகப் பேசுவார்கள்.

இரண்டாவது இடம் ஒரு தனியார் விடுதி. ஓர் அறைக்கு எட்டுக் கட்டில். "சாயங்காலம் ஆறுக்கு கேட் பூட்டுனா காலைல ஆறரைக்குத்தான் தெறப்போம்" என்றார் வார்டன். பொற்கொடி ஆஸ்பத்திரி நேரத்தைச் சொன்னாள். "அதுக்கு நாங்க என்னம்மா பண்றது?" என்றார் அவர். அவர் கேட்டதும் நியாயம்தான்.

மூன்றாவது முகவரியைத் தந்தது வழியில் டீ குடித்த கடைக்காரர் ரசாக். மில் பக்கத்துச் சந்து, மாடியில் ஒற்றை அறை. வீட்டுக்காரர் பாத்திமுத்து என்ற அம்மாளுக்கு அறுபது இருக்கும். எதற்கும் சிரிக்காத முகம். முன்னால் ஏறி, அறையைத் திறந்து, ஜன்னலோரம் கைகட்டி நின்றுகொண்டார். பொற்கொடி ஜன்னலை எட்டிப் பார்த்தாள். ஆஸ்பத்திரிக் கட்டடம் தெரிந்தது. நடந்தால் பத்து நிமிடம். மனது அங்கேயே உட்கார்ந்துவிட்டது.

அம்மாவின் உதடு வேறு கணக்கில் இருந்தது.

'படி செங்குத்தா இருக்குது. கொழாய் ஒழுகுது.'

'இருக்கட்டும்மா' என்று உதட்டிலேயே கெஞ்சினாள் பொற்கொடி.

'இந்தம்மா மொறைக்கறதப் பாரு. சோத்தக்கூட அளந்துதான் போடும்.'

சிரிப்பை அடக்க முடியாமல் பொற்கொடியும் ஒன்று சேர்த்துவிட்டாள்: 'பீரோ மேல பல்லி. அதுவும் இந்தம்மா மாதிரியே மொறைக்குது.'

பாத்திமுத்து கைகளைப் பிரித்தார். அவர் உதடும் அசைந்தது, சத்தமில்லாமல், ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக:

'பல்லி நேத்து வந்துச்சு. சோறு அளக்கறதில்ல.'

மாசாணியம்மாளின் முகம் பாவு நூல் அறுந்து நின்ற தறிபோல் ஆகிவிட்டது. பொற்கொடிக்குக் காது வரை சூடேறியது. போச்சு, பி.காம்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

"ஸ்பின்னிங்ல இருபத்திரண்டு வருசம்" என்றார் பாத்திமுத்து, இப்போது வாய்விட்டு. "மில்லு மூடுற வரைக்கும். உங்களுக்கு மட்டுந்தான் வருமுன்னு நெனச்சீங்களாக்கும்?"

"தப்பா நெனச்சுக்காதீங்க. நாங்க வாரோமுங்க" என்று மாசாணியம்மாள் கைப்பையை எடுத்துக்கொண்டாள்.

"கொறை சொல்லிப்போட்டு ஓடுனா எப்புடீங்க? வேற என்ன கொறை? வாய்விட்டே சொல்லுங்க."

மாசாணியம்மாள் கதவருகே நின்றாள். பிறகு, தறிக்குடோனில் பழகிய உரத்த குரலில் கேட்டே விட்டாள்.

"காலைல ஒரு ஊட்டுல வீதியக் கேட்டுப்போட்டு எடமில்லைன்னுட்டாங்க. நீங்க கேக்கவே இல்ல. நடு வருசத்துல யாராவது சொல்லி, காலி பண்ணுன்னா எம்புள்ள எங்கீங்க போகும்?"

"வீதி எதுக்குங்க எனக்கு? தபாலா போடப் போறேன்?" என்றார் பாத்திமுத்து. "ரெண்டே விசயம். மோட்டார் போட்டா மறக்காம நிறுத்தோணும். ஊட்டுல வாரம் ரெண்டு நாளு கறி. ஆகுமா?"

"அதுக்காகவே இவ முந்தி வந்து குடியேறிக்குவாளுங்க."

அம்மா வேறு எதையாவது கண்டுபிடிப்பதற்குள் பொற்கொடி மாற்றுத்துணி வைத்திருந்த பையைக் கட்டில்மேல் வைத்துவிட்டாள். "எனக்கு இதுதாம்மா. வெடியால அஞ்சரைக்கு எந்திரிச்சாப் போதும்."

மாசாணியம்மாள் பையைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். பிறகு பாத்திமுத்துவிடம் திரும்பி, "கொழாய மட்டும் சரி பண்ணிப்போடுங்க" என்றாள்.

கீழே டீ வந்தது. இரண்டு பெண்களும் பாஷையை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மூக்கைத் தொட்டால் முதலாளி என்றதும் பாத்திமுத்து முதன்முறையாகச் சிரித்தார். "எங்க மில்லுல காலரைத் தொடுவோம். மேஸ்திரி சட்டை அப்புடி மொடமொடன்னு நிக்கும்." நூல் அறுந்ததற்கு மட்டும் இரண்டு இடத்திலும் ஒரே விரல், ஒரே அசைவு. டீ ஆறிப்போனது.

பொற்கொடி அன்றிலிருந்தே அங்கே தங்கிவிடுவது என்றானது. மாசாணியம்மாளை வழியனுப்ப மூவரும் திருச்சி ரோட்டுக்கு நடந்தார்கள். ஜன்னலோரம் இடம் பிடித்த மாசாணியம்மாள், கூட்டத்துக்கும் ஹாரனுக்கும் மேலே உதட்டால் ஒரு பாட்டம் பேசினாள். பாதியில் ஒரு லாரி குறுக்கே வந்து நின்றது. அது நகர்வதற்குள் பஸ் போய்விட்டது.

இரண்டடி தள்ளி நின்ற பாத்திமுத்துவுக்கு லாரி மறைக்கவில்லை.

"தலைக்கு எண்ணெய் வெக்கச் சொன்னா" என்றார். "ரத்தம் எடுக்கறப்பக் கை நடுங்கக் கூடாதாம். அப்புறம் என்னையப் பத்தி ஒண்ணு சொன்னா."

"என்னங்க சொல்லுச்சு?"

"அதச் சொல்ல மாட்டேன் கண்ணு. வா, பல்லி தனியா இருக்கும்."

பொற்கொடி பஸ் ஸ்டாப் திண்டில் உட்கார்ந்து படிவத்தை எடுத்தாள். "ஏனுங்க, கதவு நெம்பர் எத்தனைங்க?" என்று கேட்டாள்.

பாத்திமுத்து விரல்களால் சொன்னார். அவள் எழுதிக்கொண்டாள்.