களவு இல்லாத வட்டாரம்

மதிலில் துளை போடும் சத்தம் கேட்டபோது றுமைஸா ஒரு மணப்பெண்ணுக்குத் தோள் அளவு எடுத்துக்கொண்டிருந்தாள். "பதினாலரை" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டவள், சத்தம் தன் வீட்டு மதிலிலிருந்துதான் வருகிறது என்று தெரிந்ததும், அளவு நாடா கழுத்தில் தொங்க, மதில் வாசலான கடப்படிக்கு ஓடினாள்.

வெளியே இரண்டு இளைஞர்கள் ஏணி வைத்து எட்டடிப் பலகையொன்றைப் பூட்டிக்கொண்டிருந்தார்கள். நகரசபை உறுப்பினர் இர்ஷாத் அதில் நெஞ்சில் கைவைத்துச் சிரித்தார். பக்கத்தில் சிவப்பு எழுத்து: 'வாவிக்கரை வட்டாரம். ஓராண்டாகக் களவு பூச்சியம்! இது உங்கள் உறுப்பினரின் சாதனை.' அந்தப் பூச்சியத்தை மட்டும் உறுப்பினரின் தலையைவிடப் பெரிதாகப் போட்டிருந்தார்கள்.

"ஆரக் கேட்டு அடிக்கிறீங்க?"

"ஸாஹிர் காக்காக்கிட்டக் கேட்ட ராத்தா. அவரு ஓம் எண்டு சொன்ன."

"அவருக்கிட்டயா கேட்ட?"

"வீட்டுக்கார மனிசன்தானே?"

"மனிசன் சரி. வீடு ஆர்ட?"

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு கடைசி ஆணியை அவசரமாக முடுக்கிவிட்டு, ஏணியைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டினார்கள்.

அந்த ஊரில் வீடு பெண்ணோடு போகும். மகள் பிறந்த நாளிலிருந்தே தாயும் தகப்பனும் கல்லும் சீமெந்தும் சேர்க்கத் தொடங்குவார்கள். கல்யாணம் முடிந்ததும் மாப்பிள்ளைதான் பெட்டியோடு வந்து ஏறுவார். பன்னிரண்டு வருடத்துக்கு முன் ஸாஹிரும் அப்படித்தான் ஒரு பெட்டியும் ஒரு மேசை மின்விசிறியுமாக வந்து சேர்ந்தான். வீட்டின் உறுதிப் பத்திரம் இன்றைக்கும் றுமைஸாவின் பெயரில் அலுமாரிக்குள் இருக்கிறது. மதிலுக்கு என்ன நிறம் அடிப்பது என்றுகூட அவளைக் கேட்டுத்தான் அவன் செய்வான். அரசியல் என்று வந்ததும் எல்லோருக்கும் ஆம்பிளையின் முகம் மட்டும்தான் தெரிகிறது.

மதிலைக்கூட அவள் பொறுத்திருப்பாள். அந்தப் பூச்சியத்தைத்தான் பொறுக்க முடியவில்லை.

நாலு மாதத்துக்கு முன், ஓட்டமாவடியில் தங்கச்சியின் பிள்ளைக்குப் பெயர் வைக்கப் போன ஒரு பகல்பொழுதில், அவளுடைய இரண்டு தையல் மெசின்களையும் கள்வர் பின்கதவை உடைத்துத் தூக்கிப்போய்விட்டார்கள். பெருநாளுக்குப் பெருநாள் கண் எரிய எரிய அபாயா தைத்து வாங்கிய மெசின்கள். ஊர் வழக்கப்படி அவள் பொலிசுக்குப் போகவில்லை. அங்கே போனால் கோடு, கச்சேரி என்று வழக்குக்கு அலைய வேண்டும். மெம்பரிடம் சொன்னால் சுறுக்காக முடியும் என்பது எல்லோருக்கும் பழகிப்போன கணக்கு. இர்ஷாத்தின் வீட்டு விறாந்தையில் அதற்கென்று தடித்த ஒரு சீ.ஆர். கொப்பி இருந்தது. அவளுடைய களவையும் அதில் எழுதினார்கள். தேத்தண்ணி கொடுத்தார்கள். "மூணு நாள் தாங்க தங்கச்சி" என்றார் இர்ஷாத்.

மூன்று நாள் நாலு மாதமானது. பக்கத்து வீட்டு றிஸ்லா இரவல் தந்த பழைய கைமெசினில் அவள் குனிந்து குனிந்து தைத்தாள். வேலை பாதியாகக் குறைந்தது. முதுகுவலி இரண்டு மடங்கானது.

பின்னேரம் ஸாஹிர் வந்தபோது அவள் வாசலிலேயே நின்றாள்.

"நம்மட மெசின் ரெண்டும் தானா நடந்து போனதா?"

ஸாஹிர் நகரசபையின் குப்பை அள்ளும் உழவு இயந்திரம் ஓட்டுபவன். பதினொரு வருடமாக நிரந்தரமில்லாத அமைய ஊழியன். அவன் செருப்பைக் கழற்றாமலே படியில் உட்கார்ந்தான்.

"அடுத்த கிழம நிரந்தர நியமனத்துக்குப் பேர் போகுது புள்ள. எட்டுப் பேர். மெம்பர்தான் லிஸ்ட் குடுக்கிற. மதில்ல ஒரு போட் அடிக்கத்தானே கேட்டாரு. எப்பிடி இல்லண்டு சொல்ற?"

"போட் அடிக்கட்டும். பொய்ய ஏன் என்ட மதில்ல அடிக்கிற?"

"அரசியல்ல எல்லாரும் சொல்றதுதானே."

"எல்லாரும் சொல்லட்டும். களவு குடுத்தவள்ட மதில்ல சொல்லப்படாது."

அவன் எழுந்து கிணற்றடிக்குப் போனான். இராச்சாப்பாட்டுக்குப் பிறகு, வழக்கம்போல, அவள் தைத்து வைத்த அபாயாக்களை ஒவ்வொன்றாக ஸ்திரிக்கை போட்டு மடித்துக் கொடுத்தான். ஊரில் எந்த ஆம்பிளையும் செய்யாத வேலை அது. அவனைப் பார்க்க அவளுக்குப் பாவமாக இருந்தது. பாவமாக இருக்கிறதென்பதற்காக இல்லாத பூச்சியத்தை இருக்கிறதென்று சொல்ல அவளால் முடியாது.

காலையில் அவன் வேலைக்குப் போனதும் அவள் பஸ் ஏறிப் பொலிஸ் நிலையத்துக்குப் போனாள். முறைப்பாட்டு மேசையில் சிவதர்ஷன் என்ற இளம் சார்ஜன்ட் இருந்தார்.

"எப்ப களவு போனது அக்கா?"

"நாலு மாசம்."

பேனாவை வைத்துவிட்டு அவர் அவளை ஒருமுறை பார்த்தார். "நாலு மாசமா கள்ளன் திருப்பிக் கொண்டு வருவான் எண்டு பார்த்துக்கொண்டா இருந்தீங்க?"

"மெம்பருக்கிட்டச் சொன்ன."

"மெம்பர் கள்ளன் பிடிக்கிறவரா?"

றுமைஸாவுக்குச் சிரிப்பும் வெட்கமும் ஒன்றாக வந்தன. "எங்கட வட்டாரத்தில களவே இல்லையாம். என்ட வீட்டு மதில்ல எழுதிப் போட்டிரிக்கி. அது சரியா?"

சிவதர்ஷன் பெரிய புத்தகத்தைப் புரட்டினார். ஒரு வருடத்துப் பக்கங்களையும் தட்டிப் பார்த்துவிட்டு ஓரிடத்தில் விரலை வைத்தார்.

"உங்கட பக்கமிருந்து ஒரேயொரு முறைப்பாடு. மாடு ஒண்டு காணாமப் போயிருக்கு. அதுவும் அடுத்தநாள் தானா வந்திட்டுது. புத்தகத்தின்படி பார்த்தா மெம்பர் சொல்றது சரிதான் அக்கா. நீங்க யாரும் எழுதல்ல, அப்ப களவும் இல்ல."

அவளுக்கு முகத்தில் அறைந்ததுபோல் இருந்தது. இர்ஷாத் பொய்யை எங்கிருந்தும் கொண்டுவரவில்லை. அவளும் றிஸ்லாவும் மற்றப் பெண்களும், தேத்தண்ணி குடித்துக் குடித்து, அவருடைய விறாந்தையில் வைத்தே அந்தப் பூச்சியத்தைச் செய்து கொடுத்திருக்கிறார்கள். அவர் செய்ததெல்லாம் அதற்குச் சட்டகம் அடித்துத் தொங்கவிட்டது மட்டும்தான்.

"இப்ப எழுதுங்க" என்றாள். "மெசின் ரெண்டு. நிறம் சொல்றன். நம்பர் சொல்றன். கதவு உடைஞ்ச படமும் போன்ல இரிக்கி."

முழுவதையும் எழுதி, இலக்கத்தைத் துண்டொன்றில் தந்தபோது சிவதர்ஷன் குரலைத் தாழ்த்தினார். "மெம்பருக்குக் கோபம் வரும் அக்கா."

"எனக்கு வந்து நாலு மாசம்" என்றாள் றுமைஸா.

வீட்டுக்கு வந்தவள் உடுப்பு மாற்றவும் இல்லை. கேற்றுக்கு அடித்து மிஞ்சிய நீலப் பெயின்ற் குளியலறை மூலையில் இருந்தது. தகரத்தையும் தூரிகையையும் எடுத்துக்கொண்டு போய், பலகைக்கு நேர் கீழே, குந்தியிருந்து மதிலில் எழுதினாள்: 'இந்த வீட்டில் களவு போனவை: தையல் மெசின் 2.' அதற்குக் கீழே திகதி. அதற்கும் கீழே பொலிஸ் முறைப்பாட்டு இலக்கம்.

றிஸ்லா தன் மதிலுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "அல்லாஹ்வே, உனக்கென்ன பைத்தியமா?"

"உன்ட காஸ் சிலிண்டர் போனதே, அதையும் எழுதவா?"

"எனக்கு வேணாம்மா. மெம்பர் தேடிட்டிரிக்காராம்."

"எத்தின மாசமாத் தேடுறாரு?"

"ஆறு." சொல்லிவிட்டு றிஸ்லா தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

நண்பகல் லுஹர் தொழுகை முடிந்து ஆட்கள் கலைவதற்குள் செய்தி பரவிவிட்டது. இர்ஷாத்தே வந்தார். வெள்ளைச் சாரம், வெள்ளைச் சேட்டு, பின்னால் இரண்டு பேர். பலகையில் இருந்த அதே சிரிப்போடு வந்தவர், நீல எழுத்தைப் படித்ததும் சிரிப்பை மடித்து வைத்தார்.

"என்ன தங்கச்சி இது? நமக்குள்ள பேசித் தீர்க்கிறத ரோட்டில எழுதுற?"

"நீங்கதான் முதல்ல ரோட்டில எழுதின மெம்பர். நான் கீழதான் எழுதின."

"ஒரு வருஷமா ராவெல்லாம் பொடியன்மார வெச்சு ரோந்து போறன். எவ்வளவு குறைஞ்சிரிக்கி எண்டு ஊருக்கே தெரியும்."

"குறைஞ்சிரிக்கும். இல்லண்டு சொல்லல்ல. குறைஞ்சிட்டு எண்டு எழுதுங்க, நானே ஏணி புடிக்கிறன். பூச்சியம் எண்டா என்ட மெசின் எங்க? உங்கட கொப்பியில எழுதின களவெல்லாம் எங்க போன?"

பின்னால் நின்றவர்களில் ஒருவன் தொண்டையைச் செருமினான். இர்ஷாத் அவள் பக்கம் நெருங்கி மெதுவாகச் சொன்னார்: "ஸாஹிர்ட பேர் லிஸ்ட்ல இரிக்கி. நான் போட்ட பேர். அத நினைச்சிக்கோங்க."

பதினொரு வருடம். ஊர்க் குப்பையெல்லாம் அள்ளிவிட்டு, கிணற்றடியில் அரை மணி நேரம் சவர்க்காரம் போட்டுத் தேய்த்த பிறகே பிள்ளைகளைத் தொடுகிற மனிதன்.

"பதினொரு வருஷம் குப்ப அள்ளினது அவரு. அதுக்குத்தான் நியமனம் எண்டு நினைச்சன். என்ட வாய மூடி வைக்கிறதுக்கா அது?"

"மதில்ல போட் அடிக்க அவருதான் சம்மதிச்ச."

"அவரு இந்த வீட்டுக்கு மாப்பிள்ளையா வந்த மெம்பர். நீங்களும் உங்கட வீட்டுக்கு அப்பிடி வந்ததானே? ஊரெல்லாம் போட் தொங்குது, உங்கட மதில்ல மட்டும் ஒண்டையும் காணல்லையே. வீட்டுக்கார ராத்தா விடல்லையா?"

பின்னால் நின்ற இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வாவிப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அவர்களின் தோள்கள் மட்டும் குலுங்கின. இர்ஷாத்தின் காது சிவந்தது. மோட்டார் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

ஒரு மணி நேரம் கழியவில்லை. எதிர்க்கட்சி இல்ஹாம் கைத்தொலைபேசியை நீட்டிப் பிடித்தபடியே கடப்படிக்கு வந்தார். போன தேர்தலில் இர்ஷாத்திடம் தோற்றவர்.

"மாஷா அல்லாஹ் தங்கச்சி! நீங்கதான் ஆம்பிள! லைவ் போகுது, சொல்லுங்க. இர்ஷாத் வந்த பொறகுதான் கள்ளனெல்லாம் ஊருக்குள்ள வந்த, களவு ரெண்டு மடங்கு கூடிட்டு எண்டு."

"ரெண்டு மடங்கு எண்டு உங்களுக்கு ஆரு சொன்ன?"

"அது... எல்லாரும் சொல்ற."

"பூச்சியத்தையும் எல்லாரும்தான் சொன்ன. நீங்க மெம்பரா இரிக்கக்குள்ள எங்கட மாமிட பைசிக்கிள் போனதே, அது இர்ஷாத்ட கணக்கா, உங்கட கணக்கா?"

இல்ஹாமின் கை மெல்ல இறங்கியது. "சரி, கள்ளன் வெளியூரான் எண்டாவது சொல்லுங்களன். சனம் நம்பும்."

"எவன் எடுத்தண்டு நான் காணல்ல. காணாத முகத்துக்கு ஊர் பேர் வைக்க மாட்டன். மெசின் ரெண்டு போன, அதத்தான் எழுதின. அதுக்கு மேலயும் இல்ல, கீழயும் இல்ல. லைவ்ல இதையும் போடுங்க."

இல்ஹாம் அதைப் போடவில்லை. தொலைபேசியை அணைத்துச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு ஸாஹிர் வந்தான். உழவு இயந்திரத்தை வழமைபோல வளவுக்குள் விடவில்லை. வீதியிலேயே நிறுத்திவிட்டு மதிலுக்கு முன்னால் நின்றான். றுமைஸா கடப்படியில் நின்று அவனுடைய முதுகைப் பார்த்தாள்.

"லிஸ்ட் இண்டைக்கே போயிட்டு" என்றான் திரும்பாமலே. "எட்டாவதா வேற பேர் இரிக்கி."

அவள் கண்ணை மூடித் திறந்தாள். "ஏசுறதெண்டா என்ன ஏசுங்க. எழுத்தில கை வைக்காதீங்க."

"என்னக் கேட்டிரிக்கலாமே புள்ள."

"ஓம். கேட்டிரிக்கலாம்." அது நியாயம்தான். அவள் ஒத்துக்கொண்டாள். "நீங்களும் என்னக் கேட்டிரிக்கலாம்."

அவன் குனிந்து, மதிலடியில் இருந்த பெயின்ற் தகரத்தைக் கையில் எடுத்தான். அவள் ஓரடி முன்னுக்கு வந்தாள். மேலே ஊற்றி அழித்துவிடப் போகிறானோ என்று கையை நீட்டினாள்.

ஸாஹிர் தூரிகையைத் தோய்த்தான். அவளுடைய எழுத்துக்குக் கீழே, கோணல்மாணலாக எழுதத் தொடங்கினான்: 'உழவு இயந்திர பற்றரி 1.'

"என்ன பற்றரி?"

"போன நோன்புக்கு முதல். நம்மட வளவுக்குள்ள வெச்சுத்தான் கழட்டிக்கொண்டு போன. மெம்பருக்கிட்டச் சொன்னன். வெளிய சொன்னா உன்ட வேலதான் போகும், புதுசா ஒண்டு வாங்கி வெச்சிடு எண்டாரு. வாங்கி வெச்ச."

அந்த நோன்பை ஒட்டி, சம்பளம் பிந்துகிறது பிந்துகிறது என்று இரண்டு மாதம் அவன் சொல்லிக்கொண்டிருந்தது அவளுக்கு இப்போதுதான் விளங்கியது. இந்த மனிதன் அதையும் தனியாகவே சுமந்துகொண்டு, இரவில் அபாயா மடித்திருக்கிறான்.

"எனக்கிட்டயாவது சொல்லியிரிக்கலாமே."

"வெக்கமா இரிந்த."

வீதியால் போன இரண்டு பேர் சைக்கிளை நிறுத்திப் படித்தார்கள். ஸாஹிர் அவர்களைப் பார்த்தான். தூரிகையைக் கீழே வைக்கவில்லை. றுமைஸா பக்கத்தில் வந்து, தகரத்தை அவன் கையிலிருந்து வாங்கிப் பிடித்துக்கொண்டாள்.

"திகதியும் போடுங்க" என்றாள்.

போட்டான்.

"இலக்கம்?"

"நாளைக்கு லீவு சொல்லிட்டன்" என்றான் ஸாஹிர். "காலம்பற போய் எழுதிட்டு வாறன். நீயும் வா. இவ்வளவு பிந்திப் போனா பொலிசில எனக்கும் ஏசுவாங்க, துணைக்கு ஆள் வேணும்."