லிமு ஏன் கிளம்பினான்

சவப்பெட்டியை இறக்குவதற்கு ஆறு பேர் பஸ்ஸின் பின்கதவில் தோள் கொடுத்து நின்றார்கள். பெட்டி இறங்கிவிட்டது, பாட்டுதான் நிற்கவில்லை.

"சக்கலியா, அத அமத்துடா!" என்று எமேலே வீட்டுக்குள்ளிருந்து கத்தினாள்.

"அமத்த முடியலம்மா. வண்டி ஓடுனா பாட்டும் ஓடும். அப்பா அப்படித்தான் வயர் கொடுத்து வச்சிருக்காரு."

"அப்ப வண்டிய நிறுத்து."

"நிறுத்துனா மறுபடி கிளம்பாது. தள்ளணும்."

"தள்ளுறதுக்குத்தான் ஊரே வந்து நிக்குதே!"

சிரிப்பு கிளம்பியது. கறுப்புத் துணி உடுத்தியிருந்த பெண்கள் சாவுக்குக் கொண்டுவந்த பாயால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினார்கள். தலைநகர் ஆப்பியாவின் பிணவறையிலிருந்து கடற்கரைச் சாலை நெடுக காதல் பாட்டோடுதான் எமேலேவின் கணவர் கலெப்போ ஊர் வந்து சேர்ந்திருந்தார். காலமெல்லாம் அவர் ஓட்டிய மஞ்சள் நிற மர பஸ்தான் அவரைக் கொண்டுவந்தது. கடைசி மகன் சக்கலியா சாவியைத் திருப்பினான். பாட்டு பாதி வரியில் நின்றது. பாட்டுப் புத்தகத்தைத் திறந்தபடி காத்திருந்த போதகர் ஒருவழியாகத் தொண்டையைச் செருமினார்.

பெட்டியை வீட்டின் நடுவில், நல்ல பாய்களின் மேல் வைத்தார்கள். சுவரில்லாத வீடு என்பதால் காற்று எல்லாப் பக்கமும் வந்து போயிற்று. வாசலுக்கு நேரே, முன்முற்றத்தில், குழி தயாராக இருந்தது. பின்னால் அடுப்புக் கற்கள் சூடேறிக்கொண்டிருந்தன. பன்றி, சேம்பு, ஈரப்பலா எல்லாம் இலைக்குள் போகக் காத்திருந்தன.

எமேலே பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். அழுகை வரும் என்று பார்த்தாள். வரவில்லை. நெஞ்சில் ஒன்று மட்டும் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

பிள்ளைகள் மூவரும் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்த கையோடு சண்டையை ஆரம்பித்தார்கள்.

"அப்பாவோட லிமு கதைய நான்தான் குழிகிட்ட சொல்லப்போறேன்," என்றான் மூத்தவன் யோப்பு. ஆக்லாந்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்ப்பவன், அவனுக்காகத்தான் அடக்கம் இத்தனை நாள் தள்ளிப்போயிற்று. "செமிசி சித்தப்பா சரின்னுட்டாரு."

செமிசி, கலெப்போவின் தம்பி, சடங்குகளில் குடும்பத்துக்காகப் பேசும் பேச்சுத் தலைவர். விசிறி போன்ற நார்க்கற்றையைத் தோளில் போட்டுக்கொண்டு தூணில் சாய்ந்திருந்தார். "நான் பேச ஆரம்பிச்சா பொழுது சாஞ்சிரும். பன்னி ஆறிப்போயிரும். அண்ணன் அத மன்னிக்க மாட்டான்," என்றார்.

"சொல்லு, ஆனா சரியா சொல்லு," என்றாள் ஃபுவாதினோ. அவள் நடுவுள்ளவள், பள்ளிக்கூட ஆசிரியை. "லிமுவோட தங்கச்சிய பேய் தூக்கிட்டுப் போயிடுச்சு. அவளத் தேடித்தான் அவன் கடல் தாண்டுறான்."

"பேயா? யாரு சொன்னா? அவங்க அப்பாவ பெரிய மீன் முழுங்கிடுச்சு. அதான் கிளம்புறான். நான் மூத்தவன், மொதல்ல கேட்டவன்."

"ரெண்டு பேரும் தூங்கிட்டீங்க போல," என்றான் சக்கலியா. "அவங்க அம்மா ஈரப்பலாவக் கருக்கிட்டாங்க. கோவிச்சுக்கிட்டுக் கிளம்பிட்டான்."

"சோத்துக்காக எவனாவது கடல் தாண்டுவானா?"

"நீ ஆக்லாந்து போனது எதுக்குண்ணா? பைபிள் படிக்கவா?"

செமிசி தொடையில் தட்டிச் சிரித்தார். போதகர், பேய் வேண்டாமே, மீன் என்றால் பைபிளில் வரும் யோனாவோடு ஒத்துப்போகும் என்று மெல்லச் சொல்லிப் பார்த்தார். அவர் பேச்சு யார் காதிலும் ஏறவில்லை.

"அம்மா, நீங்க சொல்லுங்க. லிமு ஏன் கிளம்பினான்?" என்று யோப்பு திரும்பினான்.

எமேலே பாயின் ஓரத்தை நீவிவிட்டாள். "கிளம்பினான். அவ்வளவுதான்," என்றாள்.

அவளுக்குத் தெரியும். மூன்றுமே சரி. கலெப்போவுக்கு நேற்றுச் சொன்னது இன்று நினைவிருக்காது. ஒரு நாள் பேய், ஒரு நாள் மீன், பஸ் டயர் வெடித்த அன்று லிமு தோணி செய்ய ரப்பர் தேடிக் கிளம்பினான். ஆனால் முதல் வரி மட்டும் மாறவே மாறாது. லிமு என்று ஒருத்தன் வாசலில் உட்கார்ந்திருந்தான். அதைச் சொல்லிவிட்டு கலெப்போ நிறுத்துவார்.

எங்கள் தீவில் கதை கேட்கிறவர்கள், 'உம்' கொட்டுவதுபோல, 'அவே' கொட்ட வேண்டும். கொட்டினால்தான் கதை நகரும். பிள்ளைகள் கொசுவலைக்குள் வரிசையாகப் படுத்திருக்க, பின்தூணருகில் பாய் முடைந்துகொண்டிருக்கும் எமேலே தலை நிமிராமல் "அவே" என்பாள். உடனே லிமு எழுந்து, பின்பக்கம் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டுக் கடலைப் பார்த்து நடப்பான். பேயும் மீனும் அதற்கப்புறம்தான் வரும்.

ஒரு தடவை அவன் கிளம்பவே இல்லை. பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கென்று எமேலே வளர்த்த பன்றியை, பக்கத்து ஊர்ச் சாவுக்கு, அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கலெப்போ தூக்கிக் கொடுத்துவிட்டார். அவள் அவரோடு பேச்சை நிறுத்தினாள். அன்றிரவும் முதல் வரி வந்தது. பின்தூணில் சத்தம் இல்லை. மறுநாளும் இல்லை. லிமு வாசலிலேயே உட்கார்ந்திருந்தான். பிள்ளைகள் அழுதன. குட்டி ஃபுவாதினோ வலைக்குள்ளிருந்து தலையை நீட்டி, "அவே! நான் சொல்லிட்டேன்ப்பா!" என்றாள். கலெப்போ, "நீ சொன்னா அவன் கேக்க மாட்டான் கண்ணு. அந்தத் தூணுகிட்ட இருந்து வரணும்," என்றார். இரண்டு வாரம் கழித்து எங்கிருந்தோ ஒரு பன்றிக்குட்டியை பஸ்ஸில், ஒரு கிழவர் மடியில் உட்காரவைத்துக் கொண்டுவந்தார். அன்று எமேலே சிரிப்பை அடக்க முடியாமல் "அவே" என்றாள். லிமு அன்றுபோல் எந்நாளும் ஓடியதில்லை.

இப்போது நெஞ்சில் குத்திய முள்ளும் அந்த 'அவே'யில்தான் இருந்தது.

கலெப்போ சாவதற்கு முதல் நாள் சாயங்காலம், கடல் காற்று வரும்படி அவரை ஓரமாகப் படுக்க வைத்திருந்தாள். இடுப்புக்குக் கீழே வீங்கிக் கிடந்தது. மருத்துவமனையில் வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்லிவிட்டார்கள்.

"எமேலே, ஒரு கதை சொல்லட்டா?"

"வாய மூடிட்டுப் படுய்யா. மூச்சு வாங்குது."

"சின்னக் கதைதான்." அவர் கூரையைப் பார்த்தார். "லிமுன்னு ஒருத்தன் வாசல்ல உக்காந்திருந்தான்."

நிறுத்தினார். காத்திருந்தார்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. எங்கே கிளம்பப் பார்க்கிறார் என்று தெரிந்துவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். சொன்னால்தானே போவாய்? சொல்ல மாட்டேன், உட்கார்ந்திரு. கலெப்போ தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார். கண் சுருங்கச் சிரித்தார்.

"இப்ப எந்தப் பன்னிக்காகடி கோவம்?" என்றார்.

அவளும் சிரித்துவிட்டாள். ஆனாலும் சொல்லவில்லை. மறுநாள் மதியம், அவள் கொக்கோ கலக்கப் போன நேரத்தில், அவர் அவள் சொல்லுக்குக் காத்திராமல் போய்விட்டார். இல்லை, இன்னும் போகவில்லை, இங்கேதான் எங்கேயோ உட்கார்ந்திருக்கிறார் என்றுதான் எமேலேவுக்குப் பட்டது. அன்றிலிருந்து வாசற்படியைக் கடக்கும்போதெல்லாம் ஒதுங்கி நடந்தாள்.

மதியத்துக்கு மேல் பெட்டியைக் குழியருகே கொண்டுபோனார்கள். பஸ்ஸில் அவரோடு வந்துபோனவர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். இடமில்லாத பஸ்ஸில் ஒருவர் மடியில் ஒருவர் உட்கார்ந்து பழகியவர்கள் முற்றத்திலும் அப்படியே நெருக்கிக்கொண்டு நின்றார்கள். போதகர் ஜெபித்தார். பெண்கள் பாடினார்கள். இளைஞர்கள் கயிற்றில் பெட்டியைத் தாங்கிக்கொண்டு நின்றார்கள்.

யோப்பு முன்னால் வந்தான். வியர்த்திருந்தான். கோட்டு ஆக்லாந்தில் வாங்கியது. எங்கள் வெயிலுக்கு அது ஆகாது.

"அப்பா கதைய எப்படி ஆரம்பிக்கணும்னு எங்களுக்குள்ள காலைல இருந்து சண்டை," என்றான். "தங்கச்சி பேய்ங்குறா. தம்பி ஈரப்பலாங்குறான்."

"மீனு!" என்று கூட்டத்தில் ஒருவர் குரல் கொடுத்தார்.

"எனக்கு டயருன்னு சொன்னாரே!" என்றாள் இன்னொருத்தி. கூட்டம் சிரித்தது. கயிறு பிடித்த பையன்களும் சிரித்ததில் பெட்டி லேசாக ஆடியது.

"சரி, நான் ஆரம்பிக்கிறேன். லிமுன்னு ஒருத்தன் வாசல்ல உக்காந்திருந்தான். அவங்க அப்பாவ..."

"நிறுத்துண்ணா," என்றாள் ஃபுவாதினோ.

"என்ன?"

"அங்கதான் அப்பா நிறுத்துவாரு. மறந்துட்டியா? நிறுத்து."

யோப்பு நிறுத்தினான். 'அவே' என்று சொல்ல அத்தனை பேருக்கும் நாக்கு நுனியில் வந்திருக்கும். யாரும் சொல்லவில்லை. ஃபுவாதினோ அம்மாவைப் பார்த்தாள். பிறகு யோப்பு பார்த்தான், சக்கலியா பார்த்தான், அவர்களைப் பார்த்து ஊரும் பார்த்தது.

எமேலே குழியைப் பார்த்தாள். சொன்னால் முடிந்தது. இத்தனை வருஷத்தில் அவள் சொல்லி அவன் கிளம்பாமல் இருந்ததே இல்லை.

கயிறு பிடித்தவர்களில் ஒருவன் கை மாற்றிக்கொண்டான். எங்கோ ஒரு குழந்தை பசிக்கிறது என்றது.

செமிசி நார்க்கற்றையால் ஈயை விரட்டியபடி, சாதாரணமாகக் கேட்டார். "அண்ணி, பாவம், எவ்வளவு நேரந்தான் வாசல்ல உக்காந்திருப்பான்? நல்ல வெயிலு."

எமேலேவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதோடு கூடவே, காலையிலிருந்து காத்திருந்த அழுகையும் வந்தது. அவள் இரண்டையும் தடுக்கவில்லை.

"அவே," என்றாள்.

ஊரே மூச்சு விட்டது.

"லிமு எழுந்தான்," என்றான் யோப்பு. குரல் உடைந்தது, ஆனால் நிற்கவில்லை. "பின்னாடி ஒட்டுன மணலத் தட்டிவிட்டான். கடலப் பாத்து நடந்தான்."

கயிறு நெகிழ்ந்து பெட்டி இறங்கியது. யோப்பு கதையைச் சொல்லிக்கொண்டே போனான். அலை வந்தது, தோணி வந்தது, பேயும் மீனும் வந்து சேர்ந்தன, எங்கிருந்தோ ஒரு பன்றியும் வந்தது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் கூட்டம் சேர்ந்து 'அவே' கொட்டியது. அவன் எதற்காகக் கிளம்பினான் என்று யாரும் கேட்கவில்லை. போதகர்கூடக் கேட்கவில்லை.

பொழுது இறங்கும் நேரத்தில் எமேலே வாசற்படியில் வந்து உட்கார்ந்தாள். சாலையில், சக்கலியா ஓட்டுநர் இருக்கையில் இருக்க, சாப்பிட்டு முடித்த பக்கத்து ஊர்க்காரர்கள் மஞ்சள் பஸ்ஸைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச தூரம் போய் இஞ்சின் இருமிப் பிடித்தது. காலையில் பாதி வரியில் நின்ற பாட்டு மீதி வரியிலிருந்து தொடங்கியது. தள்ளியவர்கள் ஓடிப்போய் ஏறிக்கொண்டார்கள்.

பஸ் தென்னை மரங்களைத் தாண்டிப் போகும்வரை பார்த்தாள். பிறகு எழுந்தாள். பின்பக்கம் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டுக்கொண்டு, யார் யாருக்குப் பன்றிக் கறி போகவில்லை என்று விசாரிக்க நடந்தாள்.