பறிக்காமல் வைத்த ஸ்வீட் பீ

இந்தக் கொடிக்கு ஸ்வீட் பீ என்று பெயர் வைத்தவன் கையில் கிடைத்தால் சும்மா விடமாட்டேன். பெயரைக் கேட்டதும் பட்டாணி என்று நினைத்து ஆளாளுக்குச் சமையலுக்குக் காய் கேட்டார்கள். தின்றால் உடம்புக்கு ஆகாது, பூவுக்காக மட்டும் வளர்க்கிறது என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்தது.

விதை ஊன்றியது என் கணவர். சரக்குக் கப்பலில் இன்ஜின் அறையில் வேலை. கடைசி விடுமுறை முடிந்து கிளம்பும் நாளில் பின்பக்கச் சுவரோரம் ஊன்றிவிட்டு, "நான் வர்றப்போ பூத்திருக்கும். டீசல் நாத்தத்துலயே கெடக்கிற மூக்குக்கு அந்த வாசனை வேணும்," என்றார். அவருக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நான் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறேன். ஊசி குத்த யோசித்ததே இல்லை. இந்தக் கொடியிடம் மட்டும் எனக்குக் கை ஓடவில்லை. இலை மஞ்சளானது. பயந்துபோய் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினேன், இன்னும் மஞ்சளானது. அடுத்த தெருவிலிருந்து நாத்தனார் வந்து மண்ணில் விரலை விட்டுப் பார்த்தார்.

"வேர் மூச்சு முட்டிக் கெடக்கு. ஒன் பாசத்தை வேற எங்கயாவது கொட்டு," என்றார்.

தண்ணீரைக் குறைத்தேன், தேறியது. அடுத்து உரத்தை அள்ளிப் போட்டேன். இலையாகத் தள்ளியதே தவிர, பேருக்கு ஒரு மொட்டு இல்லை. அதற்கும் நாத்தனாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஒரு வழியாகப் பூத்தது. ஊதா, வெள்ளை, இளஞ்சிவப்பு. ஒன்றைக்கூட நான் தொடவில்லை, யாரையும் தொட விடவில்லை. அவர் வந்து கொடி நிறையப் பார்க்க வேண்டும். வாசனை வரும்போதெல்லாம், இதை மோந்து பார்க்க ஆள் இல்லையே என்று தோன்றியது. அவர் வருவது ஒருமுறை தள்ளிப்போனது. மறுபடியும் தள்ளிப்போனது. பூக்கள் வாடிப் பச்சைக் காய்கள் தொங்கின. புது மொட்டு வருவது நின்றேபோனது. ஏதோ நோய் என்று நினைத்துச் சோப்புத் தண்ணீர்கூடத் தெளித்துப் பார்த்தேன்.

நாத்தனார் கத்தரிக்கோலோடு வந்தார்.

"நோயும் இல்ல, ஒண்ணும் இல்ல. காய் புடிச்சுட்டா கொடிக்கு வேலை முடிஞ்சுது. பூவைப் பறிக்கப் பறிக்கத்தான் பூக்கும்."

"அவருக்குன்னு வச்சிருந்தேன், அண்ணி."

"அவனுக்குன்னு வச்சிருந்தா அவனுக்கும் இருக்காது, ஒனக்கும் இருக்காது."

காய்களை நாத்தனார் நறுக்கினார். மிச்சமிருந்த நாலு பூவை நான் பறித்தேன். என் கணவர் பொருளை நானே திருடுவது போல இருந்தது.

கொஞ்ச நாளில் மொட்டு விட்டது. பறித்தேன், அடுத்தது வந்தது. சமையலறை, ஜன்னல், நிலையத்தின் மேஜை என்று எங்கும் பூ. ஊசிக்குப் பயந்தவர்கள்கூடப் பூவை மோந்துகொண்டே கையை நீட்டினார்கள். வீட்டுக்கு வந்தால் மட்டும் அந்த வாசனை என்னைப் பாடாய்ப்படுத்தியது. அவர் இல்லாத வீட்டுக்கு இவ்வளவு வாசனை எதற்கு என்று இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் போனில் கூப்பிட்டார்.

"இன்னும் ரெண்டு மாசம் ஆகும் போல இருக்கு."

கடலில் இருப்பவரைக் கலங்க வைக்கக் கூடாது என்று, எப்போதும் பரவாயில்லை என்றுதான் சொல்வேன். அன்று கையில் அப்போதுதான் பறித்த பூக்கள் இருந்தன. அந்த வார்த்தை வாயில் வரவில்லை.

"எனக்கு நீங்க வேணும். நீங்க இல்லாம முடியல," என்றேன்.

அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"ஒவ்வொரு தடவையும் கப்பல்ல இன்னும் கொஞ்ச நாள் யாரு தங்கறீங்கன்னு கேட்டாங்க. நான்தான் கை தூக்கினேன். மத்தவங்க வீட்ல எல்லாம் அழறாங்க. நீ பரவாயில்லைன்னு சொன்னியா, ஒனக்குப் பழகிடுச்சுன்னு நெனச்சுட்டேன்."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

"அடுத்த துறைமுகத்துல எறங்க முடியுமான்னு கேட்டுப் பாக்கறேன்," என்றார்.

"கேட்டுப் பாக்க வேணாம். எறங்குங்க," என்றேன்.