ஏழு நம்பர் மட்டை

பெங்களூர் கோல்ஃப் மைதானத்தில் இருபது வருஷம் அடுத்தவன் பையைச் சுமந்தவன் நான். கேடி உத்தமன் என்றால் மர்பி டவுனில் எல்லோருக்கும் தெரியும். போலீஸ் தேடுகிற கேடி இல்லை, மட்டைப் பை தூக்குகிற கேடி. என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் தப்பான மட்டையை எடுத்து அடித்துவிட்டு, பந்து பள்ளத்தில் விழுந்ததும் என்னை முறைக்கிற சார்களை மனசுக்குள் திட்டித் தீர்த்திருக்கிறேன். வாய் திறக்க முடியாது. சார் கேட்டால்தான் சொல்லணும், அது எங்கள் சட்டம்.

தொண்ணூற்றெட்டில் எனக்கும் ஒரு வாய்ப்பு வந்தது. மங்களூர்ப் பக்கம் ஒரு கடலோர மைதானத்தில் தேர்வு ஆட்டம். பதினெட்டுக் குழியையும் எழுபத்தாறு அடிக்குள் முடித்தால் புரொஃபஷனல் கார்டு. அப்புறம் ஜென்மத்துக்கும் பை தூக்க வேண்டாம். என் பேரில் ஆடலாம். அன்றைக்கு என் பையைத் தூக்க அர்ஜுனன் வந்தான். அவனும் கேடிதான், பக்கத்து வீட்டுக்காரன்.

அப்பப்பா, என்ன காற்று! மறைக்க ஒரு மரம் கிடையாது, மணல்மேடும் புல்லும்தான். முதல் குழியிலேயே என் தொப்பி கடலுக்குப் போய்விட்டது. மட்டை நம்பர் குறையக் குறையப் பந்து தூரம் போகும். எங்கள் ஊரில் ஏழு நம்பர் எடுக்கிற இடத்தில் இங்கே ஐந்து, நான்கு என்று எடுத்துத் தாழ்வாக அடித்தேன். நன்றாகவே ஆடினேன், பொய் சொல்வானேன். பதினேழு குழி முடிந்தபோது எழுபத்திரண்டு. கடைசிக் குழியை நாலு அடியில் முடித்தால் கார்டு என் கையில்.

முதல் அடி நடுப்புல்லில் போய் உட்கார்ந்தது. பந்துக்குப் பக்கத்தில் போய் நின்றால், காற்றே இல்லை. குழியில் நட்ட கொடி துவண்டு தொங்கியது. அதுவரை நூற்றைம்பது கஜம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன், ஏழு நம்பர். அர்ஜுனன் ஆறு நம்பரைப் பாதி உருவி வைத்திருந்தான். அதை உள்ளே தள்ளிவிட்டு ஏழு நம்பரை எடுத்தேன்.

அடி சுத்தம். பந்து கொடியைப் பார்த்து நேராகப் போய், பத்து கஜம் முன்னாலேயே மணல்பள்ளத்தில் விழுந்தது. வெளியே எடுக்க ஒன்று, குழியில் தள்ள இரண்டு. மொத்தம் எழுபத்தேழு.

பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கும்போது அர்ஜுனன் மெதுவாக ஆரம்பித்தான்.

“நேத்து நீ பிராக்டீஸ் பண்ணப்போ காத்தே இல்ல. பந்து பொறுக்கறப்போ நடந்து அளந்து பாத்தேன். நம்ம ஊரு உசரம், குரு, அங்க காத்து லேசு, பந்து பறக்கும். இங்க சும்மாவே பத்து கஜம் கம்மி.”

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது.

“அடப்பாவி! அப்பவே சொல்றதுக்கு என்னடா? வாயில கொழுக்கட்டையா?”

“நீ கேக்கலையே. இன்னிக்கு நீதானே சார்.”

அவன் குத்திக்காட்டவில்லை. பழக்கத்தைச் சொன்னான், அவ்வளவுதான். எனக்கு அழுகை வந்தது. டீ கிளாஸைப் பிடித்துக்கொண்டு அழுதேன். ஒரு நாள் சார் ஆனேன், அந்த ஒரு நாளும் கேட்கவில்லை.

மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

“அர்ஜுனா, எந்த பஸ்ல போலாம்? நீ சொல்லு.”

“ஆறரை வண்டி. ஜன்னல் சீட்டு வேணாம், காத்து அடிக்கும்.”

சரி என்று உள்பக்கமாக உட்கார்ந்தேன்.