எட்டடிச் சமையலறை

அடுப்பை அந்த மூலையில் வைத்தால் நான் எங்கே உட்காருவது, அடுப்புக்குள்ளேயா?

சௌந்திரம் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவள் கணவன் கந்தப்பன் அதற்கும் ஓர் இடம் ஒதுக்கியிருப்பான். காலையிலிருந்து அவன் கையில் ஒரு வேப்பங்குச்சியை வைத்துக்கொண்டு மண்ணைக் கீறிக்கொண்டிருந்தான். மேட்டூரில் அணை கட்டி முடித்த மறுவருஷம் அது. கடலைக்காய் நன்றாக விளைந்த தைரியத்தில் மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் அவர்கள் புது வீடு கட்டத் தொடங்கியிருந்தார்கள். முன்னறை, சாமி மூலை, மூன்று குதிர்கள் நிற்கத் தானிய அறை எல்லாம் கீறிய பிறகு மிஞ்சியதுதான் சமையலறை. அதற்குள் அடுப்பு, அம்மி, ஆட்டுக்கல், தண்ணீர்ப் பானைகள், விறகு அத்தனையையும் வட்டம் வட்டமாகப் போட்டு அடைத்துவிட்டு, இடம் மிச்சம்கூட ஆகிறது என்றான்.

மிச்சமான இடத்தைச் சௌந்திரம் பார்த்தாள். அதில் ஒரு பூனை உட்காரலாம், வாலைச் சுருட்டிக்கொண்டால்.

ராகிக் களி கிண்டுவதற்குத் தரையில் உட்கார்ந்து இரண்டு காலையும் நீட்ட வேண்டும். சட்டியைக் கவைக்குச்சியால் பாதங்களுக்கு நடுவே அழுத்திப் பிடித்துக்கொண்டு கிண்ட வேண்டும். பழைய வீட்டில் முதுகு சுவரில் முட்ட உட்கார்ந்து காலை நீட்டினால், பாதம் அடுப்புச் சாம்பலில் போய் நிற்கும். பதினோரு வருஷத்தில் வலது கால் பெருவிரலில் தோல் உரிந்து உரிந்து மினுமினுத்துப் போயிருந்தது. கந்தப்பனுக்கு இது எதுவும் தெரியாது என்று சொல்ல முடியாது. களி நன்றாக இருக்கிறது என்பது தெரியும்.

புது வீட்டில் அவள் கேட்க நினைத்தது கால் நீட்ட இடம் ஒன்றுதான். அதை ஏன் கேட்கவில்லை என்று தன்னையே பலமுறை கேட்டிருக்கிறாள். மறுப்பார்கள் என்ற பயமில்லை. சிரிப்பார்கள் என்ற பயம்.

கொத்தனார் கருப்பண்ணன் மேட்டூர் அணையில் வேலை பார்த்தவர். அதன் பிறகு எந்தச் சுவரும் அவருக்குக் கனமாகத் தெரியவில்லை. இரண்டடிக்குக் குறைந்தால் தண்ணீர் தள்ளிவிடும் என்றார். எந்தத் தண்ணீர் என்று யாரும் கேட்கவில்லை. கனத்த சுவரெல்லாம் சமையலறைப் பக்கமாகத்தான் கனத்தது.

கந்தப்பனின் அக்கா செல்லாயி சேந்தமங்கலத்திலிருந்து வந்திருந்தாள், வழக்கம் சொல்வதற்கென்றே. சமைக்கிறவள் காலால்தான் சமையலறையை அளக்க வேண்டும். எட்டடி நல்லது, ஏழும் ஒன்பதும் ஆகாது. அளந்து சுண்ணாம்புத் தூள் விழுந்த கோட்டை அழிக்கவும் கூடாது. காலையில் தம்பி சாமி மூலையை ஒரு சாண் தள்ளப் பார்த்தபோது இதைச் சொல்லித்தான் அவள் தடுத்திருந்தாள்.

சௌந்திரத்தின் பாதம் சிறியது. குதிகாலும் விரலும் முட்ட எட்டடி வைத்தால் கொத்தனாரின் கோலில் ஆறடிகூட வராது. மனைவியின் கால் அழகைப் பற்றிக் கந்தப்பன் முகத்தில் மகிழ்ச்சி தெரிந்தது அன்றுதான்.

"கெணத்துப் பக்கத்திலிருந்து எட்டு வெச்சு நடங்க அம்மிணி" என்று சொல்லிவிட்டுக் கருப்பண்ணன் சுண்ணாம்புத் தூளுடன் குனிந்தார்.

எட்டு வை. அப்படிச் சொல்லித்தான் அவள் தன் குழந்தைகளுக்கு நடை பழக்கினாள். வாய்க்காலைத் தாண்டும்போதும் அதையேதான் சொல்வார்கள். சௌந்திரம் சேலையைச் சற்றுத் தூக்கிச் செருகிக்கொண்டு, காலை வீசி எட்டு வைத்தாள். கருப்பண்ணன் தலை நிமிராமல் தூள் விட்டுக்கொண்டே பின்னால் வந்தார். குதிர்களின் வாய் எந்தத் திசை பார்க்க வேண்டும் என்று கந்தப்பன் அக்காவிடம் கேட்டுக்கொண்டிருந்தான்.

நாலாவது எட்டிலேயே அவள் சமையலறையைக் கடந்திருந்தாள். அது அவளுக்குத் தெரிந்ததா? பிறகு பல நாள் யோசித்தும் அவளால் தீர்மானிக்க முடியவில்லை. காது தப்பாகக் கேட்டது என்று சொல்லலாம். ஆனால் ஐந்தாவது எட்டு மற்றவற்றைவிட நீளமாக இருந்தது. அதற்குக் காது பொறுப்பில்லை.

எட்டும் முடிந்ததும் நின்றாள். கருப்பண்ணன் நிமிர்ந்து பார்த்தார். இரண்டு குதிர்களின் இடம் சமையலறைக்குள் வந்திருந்தது.

"ஏனுங்க பண்ணாடி, அணை கொஞ்சம் நீண்டு போச்சுங்க" என்றார்.

கந்தப்பன் கோட்டைப் பார்த்தான், அவள் காலைப் பார்த்தான். "ஏம்புள்ள, எட்டடின்னா எட்டு அடி. எட்டு எட்டு இல்ல."

"எட்டு வெக்கச் சொன்னாருங்க. வெச்சேன்."

எட்டு என்ற எண்ணிக்கையைத்தான் சொன்னேன் என்றார் கருப்பண்ணன். பிறகு அவருக்கே சந்தேகம் வந்து, எப்படிச் சொன்னோம் என்று முணுமுணுத்துப் பார்த்தார். இரண்டு முறை சொன்னதில் இரண்டு அர்த்தம் வந்தது. மூன்றாவது முறை சொல்ல அவருக்குத் துணிவில்லை.

கந்தப்பன் கோட்டை அழிக்கக் காலைத் தூக்கினான்.

"சுண்ணாம்பு வுழுந்துருச்சு சாமி" என்றாள் செல்லாயி. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்தது. தம்பி தூக்கிய கால் கொஞ்ச நேரம் அந்தரத்திலேயே நின்றது. காலை வேறெங்கோ வைப்பது போலப் பின்னால் வைத்துக்கொண்டான்.

பிறகு அவன் குரலைத் தணித்துக்கொண்டு சௌந்திரத்தின் அருகே வந்தான். இந்தக் கோடு இப்படியே கிடக்கட்டும், பக்கத்திலேயே இன்னொன்று போட்டுக்கொள்ளலாம், எது முதல் கோடு என்று சாமிக்கு யார் போய்ச் சொல்லப்போகிறார்கள் என்றான். அவன் இவ்வளவு நயமாகப் பேசி அவள் கேட்டதில்லை.

"இன்னொருக்கா நட புள்ள. குதிகாலும் வெரலும் முட்டற மாதிரி, மெதுவா."

சௌந்திரம் கோட்டைத் திரும்பிப் பார்த்தாள். கிணற்றுப் பக்கத்திலிருந்து அவ்வளவு தூரம் வந்திருந்தது. இடையில் ஓர் இடத்தில் கொஞ்சம் கோணலாகக்கூட இருந்தது, அந்த ஐந்தாவது எட்டில். யாரும் சிரிக்கவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தாள்.

கோட்டின் முனையில், ஒரு குதிர் நிற்க வேண்டிய இடத்தில், தரையில் உட்கார்ந்தாள். முதுகில் எதுவும் முட்டவில்லை. களி கிண்டப் போகிறவள் போல இரண்டு காலையும் முழுதாக நீட்டினாள். முன்னால் எதுவும் சுடவில்லை.

"காலு நீட்டிட்டனுங்க" என்றாள். "இனி மடக்க வராதுங்க."