நாற்பத்தொன்பதாம் முகவரி

மூத்தவளும் இளையவளும் ஓரகத்திகள். ஒரே வீடு, ஒரே அலுவலகம். குறைமாதக் குழந்தைகளை வைக்கும் வெப்பப் பெட்டிக்கு அங்கே மின்சுற்றுப் பலகை செய்கிறார்கள்.

பலகையில் என்னென்ன இருக்கிறது என்று அதை இயக்கும் லினக்ஸ் மென்பொருள் தானாகப் பார்த்துத் தெரிந்துகொள்ளாது. எந்தச் சென்சார், எந்தக் கம்பியில், எந்த முகவரியில் என்று ஒருவர் டிவைஸ் ட்ரீ கோப்பில் எழுதி வைக்க வேண்டும். ஆறு வருடமாக அதை எழுதியவள் மூத்தவள். புதிய பலகை வந்ததும் மேலாளர் அந்த வேலையை இளையவளிடம் கொடுத்துவிட்டார். வீட்டில் மாமியார் அதை அக்கம்பக்கமெல்லாம் சொல்லி மகிழ்ந்தார். மூத்தவளுக்கு வயிறு பற்றி எரிந்தது.

பலகை வடிவமைப்பவனுக்கு ‘சால்டர்’ என்று பட்டப்பெயர். உடல் வெப்பத்தைப் பார்க்கும் சென்சாரின் முகவரி 48 அல்ல, இப்போது 49, சின்னவளிடம் சொல்லிவிடுங்கள் என்று மூத்தவளிடம் சொல்லிவிட்டு விடுப்பில் போனான். தலையாட்டினாள். சொல்லவில்லை.

புதிய பலகையில் அந்தச் சென்சார் வேலை செய்யவே இல்லை. இளையவள் கம்பியை மாற்றினாள், சென்சாரையே மாற்றினாள். வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தாள்.

“அக்கா, அந்த ஃபைலை ஒருதரம் பாக்குறீங்களா?”

“உன் வேலைல நான் மூக்கை நுழைச்சா நல்லாயிருக்காதும்மா.”

சொல்லும்போது மூத்தவளுக்கு இனித்தது. படுத்த பிறகு அந்த இனிப்பு நிற்கவில்லை.

மறுநாள் இளையவள் அந்தக் கம்பியில் ஒவ்வொரு முகவரியாகத் தட்டிப் பார்த்தாள். 49இலிருந்து பதில் வந்தது. கோப்பில் ஓர் எண்ணை மாற்றினாள். திரையில் வெப்பநிலை தெரிந்தது. எல்லோரும் கூடிவிட்டார்கள். விடுப்பு முடிந்து வந்திருந்த சால்டரை மேலாளர் பிடித்துக்கொண்டார். முன்பே சொல்லக் கூடாதா என்று கேட்டார். அக்காவிடம் சொன்னேனே என்றான் அவன்.

மூத்தவள் திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல நின்றாள்.

“அக்கா சொன்னாங்க சார்,” என்றாள் இளையவள். “நான்தான் மறந்துட்டேன்.”

நல்ல பெயரும் அவளுக்கே போய்ச் சேர்ந்ததே என்று மூத்தவளுக்கு இன்னும் எரிந்தது.

பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்ததும் மூத்தவள் கேட்டாள்.

“எதுக்கு பொய் சொன்ன?”

“உங்களுக்காக ஒண்ணும் இல்ல. வீட்டுக்குப் போனா ஒரே அடுப்புலதானே நிக்கணும்.” ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள். குரலில் கோபம் இருந்தது.

“விசிறியைப் பலகையில சேர்க்கிற பின்னும் மாறியிருக்கு,” என்றாள் மூத்தவள். “அதையும் அவன் சொன்னான்.”

இளையவள் திரும்பி முறைத்தாள். விசிறி நின்றால் பெட்டிக்குள் சூடு ஏறிவிடும் என்பது இருவருக்கும் தெரியும். திட்டுவாள் என்று மூத்தவள் காத்திருந்தாள். அவளோ மடியில் லேப்டாப்பைத் திறந்து, எந்தப் பின் என்று மட்டும் கேட்டாள்.

மூத்தவள் சொன்னாள். இளையவளின் விரல்கள் ஓடிய வேகத்தைப் பார்க்க அப்போதும் லேசாக எரியத்தான் செய்தது. ஆனாலும் குனிந்து, எழுதியது சரிதானா என்று வரிவரியாகப் பார்த்தாள்.