நாற்பத்தைந்தில் சுழன்ற குரல்

...இல்லை, இதுவும் சரிப்படாது, இதிலும் அந்தப் பாடகர் காதுக்குள் ஆணி அடிக்கத்தான் செய்கிறார், வீட்டிலிருந்து தன் இசைத்தட்டையே கொண்டுவந்து தன் கையாலேயே சுழலவிட்டும் இந்தக் கதி, என்று நொயெமி நினைத்துக்கொண்டாள், கடைக்காரன் ஃபெர்னேய் காட்டும் ஆம்ப்ளிஃபயர்களுக்குப் பளபளப்பில் குறைச்சலில்லை, குரல் மட்டும் ஏன் இப்படிக் கீச்சென்று... வாசலைப் பார்த்தாள், கணவர் அல்டெமார் அங்கேயே நின்று சீஸ் ரொட்டியைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தார், கொஞ்ச காலமாக வீட்டிலும் இதே கதைதான், பாட்டைப் போட்டால் போதும், மனிதர் எழுந்து கொல்லைப்புறம் போய்விடுவார், கேட்டால் "காது குத்துதுடி", வேறு பேச்சில்லை, ஒரு காலத்தில் கூடத்துத் தரை தேய ஆடியவர், இன்று அவள் தனியாக உட்கார்ந்து பாட்டுக் கேட்கிறாள், அது அவளுக்கு வலிக்கிறது, அதனால்தான் இதமான சத்தம் தேடிக் கடை கடையாக இந்த அலைச்சல், குரல் மெத்தென்று வந்தால் அவரும் கூடத்திலேயே இருந்துவிடமாட்டாரா? ஸ்பீக்கரை மாற்றியாயிற்று, ஜன்னலுக்குக் கனத்த திரை போட்டாயிற்று, இனி என்ன, காதை மாற்றுவதா?

"அக்கா, கடைசியா இந்த வால்வு பெட்டியக் கேளுங்க. சூடாகக் கொஞ்சம் நேரமாகும், எங்க மாமியார் அளவுக்கு வேகம் கிடையாது," என்று ஃபெர்னேய் தட்டைத் திரும்ப வைத்து ஊசியை இறக்கினான். பழைய ரேடியோவில் இருப்பதுபோன்ற கண்ணாடிக்குழல் வால்வுகள் ஆரஞ்சு நிறத்தில் மங்கலாக ஒளிர்ந்தன, குரல் வந்தது, யாருடைய குரல் இது? நிதானமாக, நெஞ்சிலிருந்து, வயதான ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல... வால்வுக்கு இவ்வளவு மகிமையா, தாளம்கூடவா இறங்கிவிடும், என்று எட்டிப் பார்த்தவளுக்குச் சிரிப்பு வந்தது, வேகப் பொத்தான் நிமிடத்துக்கு முப்பத்துமூன்று சுற்றில் இருந்தது, தட்டில் எழுதியிருப்பதைப் பார்த்து அவன் ஒழுங்காக வைத்திருக்கிறான், அவள்தான் பழக்கதோஷத்தில் நாற்பத்தைந்துக்குத் தள்ளியிருந்தாள், காலி என்கிற இந்த நகரத்துக் கால்களுக்கு எந்தப் பாட்டும் வேகம் போதாது, வேகத்தைக் கூட்டிவிட்டு ஆடுவதுதான் இந்த ஊர் வழக்கம், அப்படியானால் இத்தனை வருஷம் ஆடியது யாருடைய குரலுக்கு? சொல்கூட இப்போதுதான் புரிகிறது, கொஞ்சம் உட்கார், போகாதே என்றல்லவா பாடுகிறார், இதற்கா அந்தக் குதி குதித்தோம்?

ஸ்டூல் இழுபடும் சத்தம் கேட்டது. அல்டெமார் உள்ளே வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார், வலது காலை மெல்ல நீட்டி முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டார், யாரும் பார்க்கவில்லை என்ற நினைப்பு.

"இப்ப காது குத்தலையா?"

"இல்லையே. நல்லாத்தான இருக்கு. உட்காந்து கேக்குற பாட்டு."

உட்கார்ந்து கேட்கிற பாட்டு... வீட்டில் பாட்டைப் போட்டதும் அவள் என்ன செய்வாள்? ஆட வரச் சொல்லி அவர் பக்கம் கையை நீட்டுவாள், ஒவ்வொரு முறையும், அதற்கப்புறம்தான் அவர் எழுந்து போவார், அதற்கு முன்னால் ஒருநாளும் இல்லை... குத்தியது காதில்தானா? "வால்வையே பேக் பண்ணிரட்டுமாக்கா?" என்று ஃபெர்னேய் கேட்டான். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, அவள் கை பழக்கத்தில் அவர் பக்கம் பாதி நீண்டிருந்தது, அதை இழுத்துக்கொள்வதா, அந்த முழங்கால்மேல் வைப்பதா என்று தெரியவில்லை.